படமும் அடிக்குறிப்பும்: இருப்புப்பாதைப் படங்களைப் படிக்கும் முறை

நிழற்படம் எடுப்போருள் இருப்புப்பாதைப் படக்காரர் ஒரு தனி வகுப்பினர். மலையைப் படம் பிடிப்பவர் இன்று தவறினால் நாளை வந்து பிடிக்கலாம். மலை அங்கேயே நிற்கும். புகைவண்டியைப் படம் பிடிப்பவருக்கோ ஒரு கணமே உண்டு. அவர் எடுக்கும் பொருளும் ஆண்டுதோறும் மறைந்துகொண்டே வருவது. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது. டீசலின் இடத்தை மின்சாரம் பற்றி வருகிறது. பலகையால் கட்டிய சிறு நிலையம் போய்க் கண்ணாடியும் இரும்புமாகப் பெரிய நிலையம் எழுகிறது. ஆகவே இவ்வார்வம் பெரும்பாலும் ஒருவரோடு முடிவதில்லை. தந்தை தொடங்க மகன் தொடரும் குடும்பப் பித்தாகவே பல வீடுகளில் அது வளர்ந்துள்ளது. இங்கிலாந்தில் எச். சி. காசர்லி (1903–1991) என்பார் நாடெங்கும் சுற்றி எஞ்சின்களைப் படமாக்கினார். அவர் மகன் ரிச்சர்டும் அதே ஆர்வம் கொண்டு தந்தையின் தொகுதியைக் காத்தார். எந்த எஞ்சின், எந்த இடம், எந்த நாள் என்று குறித்து வைத்ததனாலேயே அத்தொகுதி ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகிறது.

இத்தகைய படங்களைக் கண்ணுக்கு இனிய பொருள் என்று பாராட்டுவோர் பலர். பழம்பொருள் என்று சேர்ப்போரும் உளர். ஒரு நூலைப் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்து, இஃது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று வினவுவோர் நம்மிடையே குறைவு. மலாயா இருப்புப்பாதையின் படங்களை, சிறப்பாக நம் ஜொகூர்ப் பாதையை மனத்திற்கொண்டு, அம்முறையில் படிக்க முயல்வதே இக்கட்டுரை.

இப்படங்களுக்கு எழுதா இலக்கணம் ஒன்று உண்டு. கதிரவன் படம் எடுப்பவர் முதுகுக்குப் பின் இருத்தல் வேண்டும். எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தோன்றுமாறு முக்கால் கோணத்தில் நிற்றல் வேண்டும். சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டு கீழே தாழ்ந்து வரும் கணமே சிறந்த கணம் என்பர். அப்போதுதான் சக்கரத்தின் வட்டம் முழுதும் தெரியுமாம். எண் பலகையில் நிழல் விழலாகாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு; அதுவே இங்குக் கருதத்தக்கது. சட்டத்துக்குள் ஆள் வரலாகாது. கொடி பிடித்தவரோ, தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கும் தொழிலாளியோ குறுக்கே வந்தால் படம் கெட்டது என்று கருதி, அவர் விலகும்வரை பொறுத்திருந்து எடுத்தவர் பலர். சிலர் ஆளை விலகச் சொன்னதும் உண்டு. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. எஞ்சினை அழகுற முழுமையாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையே காரணம். ஆயினும் விளைவு விளைவே. ஆயிரம் படங்களைப் பார்த்து முடித்தபின் இப்பாதைகள் தாமே முளைத்தன, வண்டிகள் தாமே ஓடின என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது.

இவ்விலக்கணத்தை எள்ளி நகையாடுதல் எளிது. அதற்கு முன் அதன் பயனையும் சொல்லிவிடுதல் முறை. எண் பலகையைத் தெளிவாகக் காட்டியதனால்தான் காலம் குறிக்காத படத்துக்கும் நம்மால் காலம் கணிக்க முடிகிறது. மலாயா இரயில்வேயின் 56ஆம் வகுப்பு எஞ்சின்கள் 1938 முதல் 1946 வரை கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. போருக்குப் பின் வந்த எண் முறையில் அவற்றுள் ஒன்றன் எண் 564.36. இதில் 56 என்பது வகுப்பு. 4 என்பது உட்பிரிவு. 36 என்பது வரிசை எண். தெமெர்லோ என்னும் பெயர் தாங்கிய அவ்வெஞ்சினைக் கோலாலம்பூரில் தேசிய அரும்பொருளகத்துக்கு மாணாக்கரை அழைத்துச் சென்ற ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். ஒரு படத்தின் மூலையில் இவ்வகை எண் தென்படுமாயின் அப்படம் போருக்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். 20ஆம் வகுப்பு டீசல் எஞ்சின் நின்றால் 1957க்கு முந்தியதாக இருக்க முடியாது. கே. டி. எம். என்னும் சுருக்கம் வண்டியில் இருந்தால் 1962க்கு முன் எடுத்திருத்தல் அரிது. அவ்வாண்டில்தான் மலாயா இரயில்வே, கெரெத்தாப்பி தானா மெலாயு என்னும் பெயரைப் பெற்றது. இவ்வறிவை நமக்குத் தந்தோர் எண் எண்ணாக எழுதிச் சேர்த்த அந்தப் பித்தர்களே. 1974இல் ஸ்டானிஸ்திரீட் என்பார் மலாயா இருப்புப்பாதை பற்றி எழுதிய நூல் அத்தகைய உழைப்புக்கு ஒரு சான்று.

இனி, குறைக்கு வருவோம். தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று சொல்வேன். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது, பாட்டோடு அதன் அடியில் கிடந்த பழங்குறிப்பையும் சேர்த்தே பதிப்பித்தார். திணை இது, துறை இது, பாடியவர் இவர், பாடப்பட்டவர் இவர் என்னும் அக்குறிப்பு இரண்டொரு வரிதான். பாட்டின் நயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கருதி ஏடெழுதினோர் அதை விட்டிருந்தால் என்னவாகும்? சொல்லழகு இருக்கும், யார் யாருக்காக அழுதார், எந்த மன்னன் எந்தப் போரில் வீழ்ந்தான் என்பது பல பாட்டில் தெரியாமலே போயிருக்கும். பெயர் சிதைந்துபோன பாட்டுகளை நோக்கி இன்றும் நாம் ஏங்குகிறோம் அல்லவா? இருப்புப்பாதைப் படக்காரரும் அடிக்குறிப்பு எழுதினார். இடத்தையும் நாளையும் ஒழுங்காகவே குறித்தார். பாடப்பட்டவர் என்னும் இடத்தில் எஞ்சினின் பெயரை எழுதி முடித்துவிட்டார்.

எஞ்சினுக்கு ஊர்ப்பெயர் சூட்டி மகிழ்ந்த அந்த இரயில்வேயில் உழைத்தவர் யாவர்? 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்ட தைப்பிங்–போர்ட் வெல்டு பாதையே இந்நாட்டின் முதற்பாதை. அதை அமைத்தவர் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். பின்னர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் அமர்ந்தனர். சரளைக்கல் கொட்டி, கட்டைகளை மாற்றி, தண்டவாளத்தைக் காத்தவருள் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். கிம்மாஸிலிருந்து சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை 1909இல் திறக்கப்பட்ட பாதையின் இருமருங்கும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்து லயத்தில் ஒரு தம்பியும், இரயில்வே லயத்தில் ஓர் அண்ணனுமாக வாழ்ந்த குடும்பங்கள் இப்பகுதியில் எத்தனையோ. அவர்கள் படத்தில் இல்லை. இருந்தாலும் அடிக்குறிப்பில் இல்லை.

‘நாங்கள் எடுப்பது வண்டியின் படம், ஆளைப் பற்றியது வேறு நூல்’ என்று ஆர்வலர் விடை கூறலாம். இவ்விடை பொருந்தாது என்பதற்கு அவர்களுள்ளேயே ஒருவர் சான்றாக இருக்கிறார். அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க் (1914–2001) என்பார், நார்போக் அண்டு வெஸ்டர்ன் இரயில்வேயில் நீராவி எஞ்சின் ஓய்வுபெறும் தறுவாயில், 1955 முதல் 1960 வரை, பெரும்பாலும் இரவில், பல மின்பொறி விளக்குகளை ஒருசேர எரியச்செய்து படம் எடுத்தார். அவர் எஞ்சினைத் தனியே நிறுத்தவில்லை. ஒரு படத்தில் ஒரு பெண்மணி தம் வீட்டு அறையில் அமர்ந்திருக்கச் சன்னலுக்கு வெளியே வண்டி போகிறது. அப்படத்தின் தலைப்பே ‘ஹெஸ்டர் பிரிஞ்சரின் வாழ்வறை’ என்று அவர் பெயரோடு தொடங்குகிறது. 1956 ஆகஸ்ட் 2ஆம் நாள் மேற்கு வர்ஜினியாவின் அயேகர் என்னும் ஊரில் எடுத்த படத்தில், காரில் அமர்ந்து திறந்தவெளிப் படக்காட்சி பார்ப்போர் முன்புறம் இருக்க, பின்னால் புகைவண்டி விரைகிறது. (திரையில் தெரியும் வானூர்தி வேறொரு படச்சுருளிலிருந்து பின்னர் இணைத்தது. ஒட்டு வேலை செய்த படத்தை ஆவணம் எனலாமா என்பது தனி வழக்கு. பாடபேதம் பார்த்துப் பழகியவர்க்கு அஃது ஒரு தடையன்று, குறித்து வைத்தாற்போதும்.) இத்தனை மனிதரைச் சேர்த்ததால் எஞ்சினின் மாட்சி குறைந்ததா? இல்லை. வண்டி யாருடைய வாழ்வினூடே ஓடியது என்பது தெரிந்ததால் மிகுந்தது. அவர் படங்களுக்கென்றே ரோவனோக் நகரில் 2004இல் ஓர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. குடும்பமே எப்போதும் நல்ல காவல் என்று எண்ணிவிடவும் கூடாது. லிங்கின் படங்களைக் களவாடிய குற்றத்துக்கு அவருடைய முன்னாள் மனைவியே 1996இல் தண்டனை பெற்றார்.

நம் பக்கத்தில் மக்கள் நிறைந்த இரயில் படங்களே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஒரே வகையின. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி வண்டி ஜொகூருக்குப் புறப்பட்டது. அதை அந்நாள் ஜொகூர் சுல்தானும் 2024இல் மாமன்னராகப் பொறுப்பேற்றவருமான சுல்தான் இப்ராகிம் அவர்களே செலுத்திச் சென்றார்கள். 1923இல் இரயில் ஓடத் தொடங்கி 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட பாலம் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்தபோது அரியணையில் இருந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தாவான சுல்தான் இப்ராகிம். இரயிலோடு பிணைந்த குடும்ப நினைவு அரண்மனையிலும் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அன்றும் அதற்கு முந்திய நாள்களிலும் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளோடு வந்து படம் எடுத்தவர் எண்ணற்றோர். இவ்வாறே 2010 அக்டோபரில் ஜொகூர் பாருவின் பழைய நிலையத்தை விட்டு வண்டிகள் ஜே. பி. சென்ட்ரலுக்கு மாறியபோதும் படம் எடுத்தவர் உண்டு.

இப்படங்களின் குறை வேறு. அனைத்தும் கடைசி நாளின் படங்கள். இறுதிச் சடங்கில் எடுத்த படத்தைக் கொண்டு ஒருவர் வாழ்ந்த வாழ்வை அறிய முடியாது. வெறும் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மழை தூறும் காலையில், பெக்கோக்கிலோ சாமெக்கிலோ நிலையத்து மேடையில் யார் நின்றார்? பால் வாளியோடு ஏறியவர் யார்? அஞ்சல் மூட்டையை இறக்கியவர் யார்? அந்த நாளை ஒருவரும் படம் எடுக்கத்தக்க நாளாகக் கருதவில்லை. கிம்மாஸ்–ஜொகூர் பாரு இரட்டைப் பாதை வேலை நடந்தபின் வழிநெடுக இருந்த சிறு நிலையங்கள் பலவற்றின் பழைய தோற்றம் மறைந்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்ப எடுக்க எக்கருவியாலும் இயலாது. (மரத்தால் தண்டவாளம் அமைத்து 1869இல் ஜொகூரில் தொடங்கிய இரயிலைக் கறையான் தின்றது என்பர். நிழற்படப் பெட்டிகளையும் அதே கறையான் விட்டுவைப்பதில்லை.)

படம் இல்லாமையும் பெயர் இல்லாமையும் ஒருசேர வந்து மோதும் இடம் ஒன்று உண்டு. அது சயாம்–பர்மா இரயில்பாதை. 1942–43இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் அமைத்த அப்பாதைக்கு மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர் என்பது வழங்கும் கணக்கு. அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நம் நாட்டுத் தண்டவாளங்களே பெயர்க்கப்பட்டு அங்குச் சென்றன; தம்பின்–மலாக்கா கிளைப்பாதை அவ்வாறு மறைந்ததுதான். அங்கே படம் எடுத்தவரும் இருந்தனர். போர்க்கைதியான ஆஸ்திரேலியர் ஜார்ஜ் ஆஸ்பினால், ஒளித்து வைத்திருந்த சிறு கருவியால் உயிரைப் பணயம் வைத்துச் சில படங்கள் எடுத்தார். அவை பற்றிய நூல் 1984இல் வெளிவந்தது. அவர் எடுத்தது தம் தோழர்களை. அதில் குறை காண்பதற்கில்லை. ஜப்பானியர் பாதைத் திறப்பு விழாவைப் படம் பிடித்தனர். அவ்விழாவில் ஓடிய சி 56 31 என்னும் எஞ்சின் 1979இல் தாயகம் கொண்டுபோகப்பட்டு, தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்து அரும்பொருளகத்தில் மெருகு குறையாமல் நிற்கிறது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயர் தாங்கி நிற்கின்றன. எஞ்சினுக்கு எண் உண்டு. கைதிக்குப் பெயர் உண்டு. தமிழருக்கு இரண்டும் இல்லை.

கருவி இல்லாதவனுக்குச் சொல்லே கருவி. 1993இல் வெளிவந்த ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை நம் இலக்கிய வரலாற்றில் எந்த இடத்தில் வைப்பது என்று வாதிடுவோர், படம் செய்யாத வேலையை அந்நாவல் செய்ய வேண்டியிருந்தது என்பதை மறத்தல் கூடாது. 2023இல் காஞ்சனபுரியில் அத்தமிழர்க்காக நடுகல் நாட்டப்பட்டது. வீழ்ந்தவன் பெயரைக் கல்லில் பொறிப்பது பண்டை மரபு. எண்ணிறந்தோர்க்கு ஒரே கல் என்னும்போது பெயர் பொறிக்க இயலாமையே அக்கல்லின் செய்தியாகிவிடுகிறது.

ஆனால் நம் குடும்பங்களில் படமே இல்லை என்று சொல்லிவிடலாமா? இருக்கிறது. இதுவே நான் வற்புறுத்த விரும்புவது. அவை எஞ்சின் ஆர்வலர் கண்ணில் படாத இடங்களில் உள்ளன: தகரப் பெட்டியின் அடியில், சாமி மேடையில் மாலைக்குப் பின்னால், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கட்டிய உறையில். பணி ஓய்வின்போது எடுத்த குழுப்படம், தள்ளுவண்டியோடு நின்ற கூட்டாளிகள் படம், இரயில்வே லயத்து வாசலில் எடுத்த கலியாணப் படம் எனப் பலவகை. ரெங்கத்துக்கு அருகே என் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் அத்தகைய ஒன்றைக் கண்டேன். எழுவர் தள்ளுவண்டியைச் சூழ நிற்கின்றனர். பின்புறம் நிலையத்தின் முத்திரைகூட இல்லை. எண்பது கடந்த பாட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துச் சொன்னார்: “இது எங்கப்பா. பக்கத்துல பெரியப்பா. இவரு மலையாளத்துக்காரரு, எங்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பாரு, வாத்தியாரையா.” இப்படியாக ஐவர் பெயர் வந்தது. ஆறாமவருக்குப் பட்டப்பெயர் மட்டும் நினைவிருந்தது. எந்த ஆண்டு என்று கேட்டால், “நான் பாவாடை கட்டின வயசு” என்றார்.

படத்தின் ஓரத்தில் ஓர் எஞ்சினின் பக்கம் துண்டாகத் தெரிந்தது. எஞ்சின் பித்துக்கொண்ட இளைஞர் ஒருவரிடம் அப்படியைக் காட்டினேன். அவர் மனிதரை நோக்கவே இல்லை. உருப்பெருக்கியை நேரே அந்த ஓரத்தில் வைத்தார். 56 என்னும் இலக்கமும் அதை அடுத்து மற்றொன்றும் தெரிகின்றன, ஆகவே போருக்குப் பிந்தியது, அருகே டீசல் வண்டிக்குரிய அடையாளம் ஏதும் இல்லை என்று வரிசையாகக் கூறினார். பாட்டியாரின் பாவாடைப் பருவமும் அவர் கணக்கும் பொருந்தின. ஐந்து பெயரும் ஒரு காலமும் சேர்ந்து, ஊமையாய் இருந்த படம் பேசத் தொடங்கியது. அடிக்குறிப்பின் ஒரு பாதி ஆர்வலர் வீட்டுப் பேரேட்டில் இருக்கிறது. மறுபாதி முதியவர் நினைவில் இருக்கிறது. இரண்டு வீட்டாரும் சந்திப்பதில்லை. பேரேடு இன்னும் ஐம்பது ஆண்டு இருக்கும். முதியவர் இரார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்தபோது முதலில் குப்பைக்குப் போனவை இத்தகைய படங்களே. எஞ்சியவற்றையேனும் காக்கும் முறை ஆசிரியர்க்குத் தெரிந்திருத்தல் நன்று. படத்தின் பின்புறத்தில் மை எழுதுகோலால் எழுதலாகாது. மை ஊறி முன்புறம் தோன்றும். மெதுவான காரீயப் பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுத வேண்டும். பசை தடவிய தாளில் ஒட்டி மேலே மெல்லிய ஞெகிழித்தாள் மூடும் தொகுப்பேடுகள் கடைகளில் மலிவு; அவை படத்துக்கு நஞ்சு. பழைய படச்சுருளைத் திறந்ததும் புளித்த காடி நாற்றம் வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டு, காலம் தாழ்த்தாமல் படியெடுக்க வேண்டும். நம் நாட்டு வெக்கையும் ஈரமும் படத்துக்குப் பகை; காற்றோட்டமும் உலர்வும் உள்ள அலமாரியே ஏற்ற இடம். சாமி மேடையில் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியுமாறு வைத்திருப்பவர்க்கு அதை எடுக்கச் சொல்ல நமக்கு மனம் வாராது. நல்ல படி ஒன்று எடுத்து அதை மாலைக்குள் வைத்து, மூலத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லலாம். கைபேசியில் படியெடுத்துவிட்டோம், போதும் என்பாரும் உளர். பெயர் எழுதாத படி, பெயர் எழுதாத மூலத்தைப்போலவே ஊமை; ஆயிரம் பேருக்கு அனுப்பினால் ஆயிரம் ஊமைகள்.

உயர்வகுப்பு மாணாக்கர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக இதைத் தரலாம். வீட்டில் உள்ள ஒரு பழம்படத்துக்கு அடிக்குறிப்பு எழுதுக என்று சொன்னால், பாட்டியிடம் கேளாமல் எவராலும் எழுத முடியாது. இடம் இருந்து வலமாக எண்ணிட்டுப் பெயர், உறவு, செய்த வேலை, படம் எடுத்த இடம், சொன்னவர் பெயர், கேட்டு எழுதிய நாள் ஆகியவற்றைக் குறிக்கச் செய்தல் வேண்டும். சொன்னவர் பெயரை எழுதுவது இன்றியமையாதது. பாடபேதம் வரும்போது எது யார் வாக்கு என்று தெரிய வேண்டும் அன்றோ?

ரெங்கத்துப் படத்தில் ஏழாமவர் யார் என்பது பாட்டியாருக்கும் தெரியவில்லை. அவர் வலக்கையில் ஓர் இரயில்வே விளக்கு இருக்கிறது. குறுந்தொகை தொகுத்தோர், பாடியவர் பெயர் அறியாதபோது இடத்தை வெறுமையாக விடாமல், பாட்டில் வந்த தொடர் ஒன்றையே அவருக்குப் பெயராக்கி வைத்தனர். அம்முறைப்படி என் மாணவர் அப்படத்தின் பின்புறம், ஏழாம் எண்ணுக்கு எதிரே, பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘விளக்குப் பிடித்தவர்’. பெயர் கிடைத்தால் எழுதுவதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்.